அசன் மைதீனின் கண்ணுக்குக் கீழே

அசன் மைதீன் என் மனைவி நஃபீஸத்தின் தம்பி. மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. அவனுக்குப் பிறந்த தேதி இரண்டு உண்டு. ஒன்று அவன் உண்மையில் பிறந்த தேதி. மற்றது பள்ளிக்கூடத்தில் எழுதிய தேதி. சேர்க்க வேண்டிய வயதில் அவனைச் சேர்க்கவில்லை. அவன் வாப்பாவின் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற வீட்டில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஒன்பது வயதில் கொண்டுபோய் நிறுத்தியபோது, ஒன்றாம் வகுப்பில் சேருகிற பையனுக்கு ஐந்து வயதுதான் இருக்க முடியும் என்று தலைமை ஆசிரியர் முடிவு செய்து, ஜூன் முதல் தேதியைப் போட்டு எழுதிவிட்டார். அந்த வகுப்பில் பாதிப் பேர் ஜூன் முதல் தேதி பிறந்தவர்கள்.

நான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். தப்பான தேதியைப் பார்த்தால் திருத்தாமல் இருக்க மாட்டேன். ஆனால் அந்தத் தேதியை வைத்துத்தான் மைத்துனனுக்குப் பாஸ்போர்ட் வந்தது, பாஸ்போர்ட்டை வைத்துத்தான் சவூதியில் வேலை வந்தது, வேலையை வைத்துத்தான் எதிர்வீடு ஓட்டிலிருந்து காங்கிரீட்டுக்கு மாறியது. ஆகவே அதை விட்டுவிட்டேன்.

தம்மாமில் கட்டடச் சாமான் விற்கிற ஒரு கம்பெனியில் அவன் ஸ்டோர் கீப்பர். சிமெண்டு மூட்டை முதல் திருகாணி வரை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு, அந்தந்த இடத்தில் சீட்டு ஒட்டியிருக்கும் என்று சொல்வான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத விடுமுறையில் வருவான். வந்தால் தெருவே அவன் சிரிப்பைக் கேட்கும். சின்ன விஷயத்துக்கும் முகம் முழுக்கச் சுருங்கச் சிரிக்கிறவன். அவனுக்குக் கண்ணுக்குக் கீழே விழுந்த கோடுகளில் பாதி பாலைவன வெயிலில் விழுந்தவை. மீதி சிரித்து விழுந்தவை என்பது என் கணிப்பு.

அந்தக் கம்பெனி மூடியபோது ஊருக்கு வந்துவிட்டான். முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது மாதம் தொடங்கியதும் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் மனைவி பெயர் பாத்து. பீடி சுற்றுகிறவள். காலையில் சுளகை மடியில் வைத்தால் மதியம் வரை நிமிர மாட்டாள். வீட்டில் அவளுக்கு ஒரு நடைமுறை இருந்தது. அதில் இவனுக்கு இடம் இல்லை. ஒரு நாள் அவள் பீடிக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் இவன் அடுக்களைக்குள் நுழைந்து எல்லா டப்பாக்களையும் உயர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினான். எழுத்து நன்றாக இருந்தது. பாத்து திரும்பி வந்து மிளகாய்ப் பொடியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் குழம்பு அடிப்பிடித்தது. அவள் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு மாற்றினாள். மறுநாள் அவன் மறுபடியும் வரிசைப்படுத்தினான். இது பல நாள் நடந்தது. இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"இங்க நான் விருந்தாளி மச்சான்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னான். "ரெண்டு மாசத்துக்கு மேல விருந்தாளி தங்கக் கூடாது."

பஜாரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் அனஸிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தான். அனஸ் கெட்டிக்காரப் பையன். ஓமானில் தொழிலாளர் முகாம் ஒன்றுக்கு ஸ்டோர் கீப்பர் வேண்டும் என்று கண்டுபிடித்துச் சொன்னான். ஐம்பத்தைந்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அங்குள்ள மேனேஜர் போனில் வீடியோ மூலம் முகம் பார்த்துப் பேசித்தான் முடிவு செய்வார். நான் பாஸ்போர்ட்டை வாங்கி, கண்ணாடி போட்டுத் தேதியைப் பார்த்தேன். ஐம்பத்து நான்கு வருகிறது. காகிதப்படி தடை இல்லை என்றேன்.

"காகிதத்துல இல்ல மாமா" என்றான் அனஸ். "பாஸ்போர்ட்டுல அம்பத்தி நாலு. கண்ணுக்குக் கீழ அறுபத்தி நாலு. அவுங்க எதப் பாப்பாங்க?"

அசன் மைதீன் அன்றே தலைக்குச் சாயம் அடித்தான். அது நிலைமையை மோசமாக்கியது. கறுத்த முடிக்குக் கீழே கண்ணின் பைகளும் கோடுகளும் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன. வெள்ளரிக்காய் வைத்தான். தேயிலைப் பொட்டலத்தை ஊறவைத்துக் கண்மேல் வைத்துக்கொண்டு படுத்தான். ஈரம் காதுக்குள் இறங்கியது. வேறு பலன் இல்லை.

எங்கள் ஊரில் கல்யாண மேக்கப் என்றால் கமர் நிஷாதான். துணிக்கடைக்கு மேல் மாடியில் அவள் பார்லர். மணப்பெண்ணுக்கு மட்டுமல்ல, மணப்பெண்ணின் உம்மாவுக்கும் கண்ணுக்குக் கீழே பத்து வயதைக் குறைத்து அனுப்புவாள் என்று பெயர். ஆனால் அந்தப் படியில் ஆண்கள் ஏறக் கூடாது. கீழே பலகையில் எழுதிப் போட்டிருக்கிறது. பலகை இல்லாவிட்டாலும் யாரும் ஏற மாட்டார்கள். ஓர் ஆணின் முகத்தைக் கமர் நிஷா தொடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே ஒரே வழிதான் இருந்தது. பாத்து போய்க் கற்றுக்கொண்டு வர வேண்டும்.

அசன் மைதீன் அவளிடம் கேட்டபோது நான் அங்கே இருந்தேன். பாத்து பீடி இலையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. நாளைக்குப் போகிறேன் என்றாள்.

அன்று சாயங்காலம் நஃபீஸத் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து நேராகவே கேட்டாள். "ஏளா, அவன் போகணும்னு நெனைக்கியா, இருக்கணும்னு நெனைக்கியா?"

"டப்பாவ எடுத்த எடத்துல வச்சா இருக்கட்டும் மைனி."

"வெளையாடாத."

பாத்து மடியில் ஒட்டியிருந்த இலைத் துணுக்கைத் தட்டிவிட்டாள். பிறகு, "எத்தன தடவ அனுப்பிட்டேன். ஒரு தடவயாவது என்கிட்ட கேட்டாங்களா?" என்றாள். "இப்பவும் பூசி விடுன்னுதான் கேட்டாங்க. போகட்டான்னு கேக்கல."

கற்றுக்கொள்ள நஃபீஸத்தும் கூடப் போனாள். கடைக்குள் நடந்ததை அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

கமர் நிஷா முதலில் பாத்துவின் விரல்களைத் தொட்டுப் பார்த்தாளாம். கட்டை விரலும் சுட்டு விரலும் நடுவிரலும் பீடி சுற்றிக் காய்ப்பேறியிருந்தன. "இந்த மூணும் ஆகாது அக்கா. கண்ணுக்குக் கீழ உள்ள தோலு வெங்காயத் தொலி மாதிரி. இது தொட்டா இழுத்துரும்" என்றாள். மோதிர விரலைப் பிடித்துப் பார்த்தாள். அது மெத்தென்று இருந்தது. பீடி சுற்றுவதில் அந்த விரலுக்கு வேலை குறைவு. இனி அந்த விரல்தான் என்று சொல்லி, அதிலிருந்த மோதிரத்தைக் கழற்றச் சொன்னாள். இந்த வேலைக்கு உலகத்தில் எல்லோரும் அந்த விரலைத்தான் பயன்படுத்துகிறார்களாம். அதற்குத்தான் அழுத்தும் பலம் இல்லை.

பாடத்தின் முதல் பாதியில் மேக்கப் எதுவும் இல்லை. முகத்தைக் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கரண்டியின் முதுகைக் கண்ணுக்குக் கீழே வைத்தால் வீக்கம் அடங்கும். பிறகு ஈரப்பதம் கொடுக்கிற கிரீமை அரிசி மணி அளவு எடுத்து, தட்டித் தட்டி வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். தோல் குடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் எல்லாரும் தோற்பது இங்கேதான் என்றாள் கமர் நிஷா. வறண்ட தோலில் எதைப் பூசினாலும் கோடைக் குளம் மாதிரி வெடித்துவிடும்.

இரண்டாம் பாதி நிறத்தைப் பற்றியது. கண்ணுக்குக் கீழே உள்ள கருமைக்கு முதலில் ஆரஞ்சு சாயல் கொண்ட ஒரு பூச்சு, கருமை உள்ள இடத்தில் மட்டும். அதன்மேல் குறையை மறைக்கிற கன்சீலர். அது தோலின் நிறமாகவே இருக்க வேண்டும், வெளுப்பாக இருக்கக் கூடாது. மூக்கின் ஓரத்தில் ஒரு புள்ளி, வெளி ஓரத்தில் ஒரு புள்ளி. நடுவில் கோடுகள் இருக்கிற இடத்தில் அதிகம் வைக்கக் கூடாது. ஓரத்திலிருந்து விரல் தானாகக் கொண்டுபோகிற மிச்சமே அங்கே போதும். மேலே பார்க்கச் சொல்லி, கோட்டுக்குள் சேர்ந்ததை விரலால் ஒற்றி எடுத்துவிட்டு, கடைசியில் மெல்லிய பிரஷ்ஷால் கொஞ்சம் பவுடர்.

"சுருக்கத்த யாராலயும் மறைக்க முடியாது அக்கா" என்றாள் கமர் நிஷா. "பாக்குறவுகள வேற எடத்தப் பாக்க வைக்கலாம். அவ்வளவுதான். பூசினவரு கொஞ்ச நேரத்துக்குச் சிரிக்கக் கூடாது. சிரிச்சா போச்சு."

கிளம்பும்போது, யாருக்காகப் படிக்கிறீர்கள் என்று கமர் நிஷா கேட்டிருக்கிறாள். பாத்து சொல்லியிருக்கிறாள். கமர் நிஷா பவுடர் டப்பாவை அவள் கையில் வைத்துக்கொண்டே, "போக வேண்டாம்னு உங்களுக்குத் தோணிச்சுன்னா வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். இத இன்னொரு தடவ அடிச்சிருங்க. ஒவ்வொரு கோடும் எண்ணி எடுக்குத மாதிரி தெரியும். அவருக்கு ஏன்னு வெளங்காது" என்றாள். பாத்து டப்பாவை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

நஃபீஸத் இதை என்னிடம் சொன்ன பிறகு, எதிர்வீட்டு விஷயம் முழுவதும் அந்த டப்பாவில்தான் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. அசன் மைதீனுக்குத் தெரியாது. சொல்வதா வேண்டாமா என்று யோசித்தோம். தம்பிக்குச் சொல்லிவிடலாம் என்று நான் சொன்னேன். நஃபீஸத், உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்றாள்.

பயிற்சி மதியத்து லுஹர் தொழுகைக்குப் பிறகு. அதற்குக் காரணம் உண்டு. பூச்சு இருந்தால் தொழுகைக்கு முன் ஒளு செய்து முகம் கழுவும்போது தண்ணீர் தோலில் படாது. ஆகவே லுஹர் முடித்து வந்து பூச வேண்டும், சாயங்கால அஸர் பாங்குக்கு முன் தேங்காய் எண்ணெயால் துடைத்து எடுத்துவிட வேண்டும். அனஸும் நேர்காணலை இந்த இடைவெளியில்தான் கேட்டு வாங்கியிருந்தான். வடக்கு ஜன்னலுக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டாள் பாத்து. வெளிச்சம் முகத்துக்கு நேரே வர வேண்டும், மேலேயிருந்து விழுந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல் விழும் என்பதும் பாடத்தில் ஒரு பகுதி. நான் எதிரே உட்கார்ந்து ஓமான் மேனேஜராக இருந்து கேள்வி கேட்க வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் நாள் தோல்வி. கமர் நிஷா கொடுத்தது ஒரு மணப்பெண்ணுக்கு வாங்கி மிஞ்சிய நிறம். இவன் முகத்தில் அது இரண்டு வெள்ளைப் பிறையாக நின்றது. துடைக்கும்போது ஒரு பக்கம் பாக்கி இருந்துவிட்டது. அதோடு டீக்கடைக்குப் போய்விட்டான். கடைக்கார முத்துமாலை டீயை ஆற்றிக்கொண்டே பார்த்தார்.

"என்ன வே அசன் பாய், கண்ணுக்குக் கீழ வெள்ளையடிச்சிருக்கீரு. வீட்டுக்கு அடிச்சதுல மிஞ்சிப் போச்சோ?"

"ஆமா, ஒரு கை மிச்சம்."

"மிச்சத்த இங்கன கொண்டாரும் வே. கடைச் சொவரு பாதி நிக்கி."

மறுநாள் சரியான நிறம் வந்தது. அதன் பிறகு நான் அருகே உட்கார்ந்து பார்த்ததை எழுதலாம். பாத்து ஒரு சிறிய முக்காலியில் அவனுக்கு நேர் எதிரே உட்காருவாள். அவள் வலது கை மோதிர விரல் அவன் கண்ணுக்குக் கீழே பைய நடக்கும். அவள் கையில் புகையிலை வாசம் உண்டு. முதல் இரண்டு நாள் அவன் தும்மினான். அப்புறம் பழகிவிட்டது. மேலே பாருங்க என்பாள், அவன் மோட்டைப் பார்ப்பான். கீழே பாருங்க என்பாள், அவன் அவள் மடியைப் பார்ப்பான். நேரே பாருங்க என்றால் மட்டும் இருவருக்கும் சங்கடமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவ்வளவு அருகில், அவ்வளவு வெளிச்சத்தில், பேசாமல் உட்கார்ந்து அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். விடுமுறை நாட்களில் அதற்கு நேரம் இருக்காது. வருகிறவர்களுக்கு டீ கொடுத்தே இரண்டு மாதமும் போய்விடும்.

கிரீமைத் தோல் குடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டிய நேரத்தில் பேச்சு நடந்தது. எதைப் பற்றி என்று எனக்கு முழுதாகத் தெரியாது. அந்த நேரத்தில் நான் பத்திரிகை படிப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முறை அவன் தம்மாமில் இட்லி மாவு புளிக்காமல் போனதைச் சொன்னான். ஒரு முறை அவள் வாசல் குழாய் உடைந்து தெருவே தண்ணீராக ஓடிய கதையைச் சொன்னாள். இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று அவன் கேட்டான். அங்கேயிருந்து நீங்கள் வந்து அடைத்திருப்பீர்களா என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று அவள் விரலை எடுக்காமலே சொன்னாள்.

நேர்காணல் நெருங்கியபோது வேலை மிக நன்றாக இருந்தது. மேனேஜர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஐம்பது என்று சத்தியம் செய்யலாம். நஃபீஸத் இன்னொரு விஷயத்தையும் கவனித்துச் சொன்னாள். அடுக்களையில் டப்பாக்கள் அவன் வைத்த வரிசையிலேயே சில நாளாக இருக்கின்றனவாம். பாத்து மாற்றி வைப்பதை நிறுத்திவிட்டாளாம்.

"அப்ப அவ பவுடர ரெண்டாவது தடவயும் அடிச்சிருவா" என்றாள் நஃபீஸத்.

நேர்காணல் நாளும் அதே மாதிரி நடந்தது. குளிர்ந்த நீர், கரண்டி, கிரீம், காத்திருப்பு. ஆரஞ்சு, கன்சீலர், ஒற்றுதல். பிறகு பாத்து பவுடர் டப்பாவைத் திறந்தாள். பிரஷ்ஷைத் தொட்டு, விளிம்பில் தட்டி உதறி, ஒரு முறை மெல்ல வைத்தாள். பிரஷ்ஷை மறுபடியும் டப்பாவுக்குக் கொண்டுபோனாள். நஃபீஸத் என்னைப் பார்த்தாள். நான் பத்திரிகையைப் பார்த்தேன்.

பாத்து பிரஷ்ஷை உள்ளே வைத்து மூடியைத் திருகிவிட்டாள்.

போனைச் சாய்த்து வைக்க உயரமான பொருள் வேண்டியிருந்தது. சீரகம் என்று எழுதிய டப்பாவை எடுத்து வந்து ஜன்னல் திண்டில் வைத்தாள். பிறகு நஃபீஸத்தோடு நாற்காலியை ஒட்டிய கதவின் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் படம் விழாத ஓரத்தில் கட்டிலில் உட்கார்ந்தேன். போனின் திரை எனக்குத் தெரிந்தது.

மேனேஜர் மலையாளி. பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினார். நல்ல மனிதர் என்றே சொல்ல வேண்டும். சிமெண்டு மூட்டையை எத்தனை அடுக்குக்கு மேல் அடுக்கக் கூடாது, வந்த சரக்குக்கும் சீட்டுக்கும் வித்தியாசம் இருந்தால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்டார். அசன் மைதீன் ஒவ்வொன்றுக்கும் சரியாக, முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் பதில் சொன்னான். மேனேஜர் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு மேசையில் இருந்த ஒரு காகிதத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"சரி. இனி அசன் மைதீனக் கூப்பிடுங்க."

"நான்தான் சார்."

"நீங்க தம்பியோ? சாரமில்ல, பரவாயில்ல. நல்லாப் பேசினீங்க. ஆனா ஜோலிக்கு வர்றது அண்ணன்தானே. அவரக் கூப்பிடுங்க."

காகிதத்தைக் கேமரா முன்னால் தூக்கிக் காட்டினார். பாஸ்போர்ட்டின் நகல். தம்மாமில் புதுப்பித்தபோது எடுத்த படம் அதில் இருந்தது. இரவு முழுக்கச் சரக்கு இறக்கிவிட்டு, தூங்காமல் நேரே ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்ததாம். கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்கியது. கோடுகளை இங்கேயிருந்தே எண்ணலாம். அந்தப் பாஸ்போர்ட்டை அனஸ் பார்த்தான், நான் பார்த்தேன், எல்லோரும் பார்த்தோம். பிறந்த தேதியைத்தான் பார்த்தோம். படத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

அசன் மைதீன் நான்தான் நான்தான் என்று சொன்னான். வேறு ஆளை உட்கார வைக்கிற வேலை ஏற்கெனவே தனக்கு நடந்திருக்கிறது என்று மேனேஜர் வருத்தமாகச் சொன்னார். கடைசியில் இவன் உண்மையைச் சொல்லிவிட்டான். கண்ணுக்குக் கீழே பூசியிருக்கிறேன் சார். மேனேஜர் அதை நம்பவில்லை. துடைத்துக் காட்டச் சொன்னார். இவன் தோளில் கிடந்த துண்டால் தேய்த்தான். அது துண்டால் போகிற பொருள் அல்ல. கண் சிவந்ததுதான் மிச்சம். பூச்சு கன்னம் வரை பரவி, முன்பைவிட இளமையாகத் தெரிந்தான்.

அப்போது கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. கறுப்புச் சட்டைக் கை, உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் நனைத்த பஞ்சு. பாத்துவின் முகம் படத்தில் விழவில்லை. கை மட்டும் இடது கண்ணுக்குக் கீழே பஞ்சை வைத்து, தேய்க்காமல், கரைகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு, பிறகு வெளியிலிருந்து உள்ளாக ஒரே வீச்சில் எடுத்தது. மறுபடி ஒரு பஞ்சு. அவ்வளவுதான். கை உள்ளே போய்விட்டது.

ஒரு கண் ஐம்பதிலும் ஒரு கண் ஐம்பத்தெட்டிலும் இருந்தது. எண்ணெயில் ஐம்பத்தெட்டு பளபளத்தது.

மேனேஜர் முகத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். இடது பக்கம் திரும்பச் சொன்னார். வலது பக்கம் திரும்பச் சொன்னார். காகிதத்தை நடுவில் பிடித்துப் பார்த்தார்.

"அசன் மைதீனே, எனக்கு இப்ப மூணு ஆள் தெரியுது" என்றார். "பாஸ்போர்ட்டுல ஒருத்தர். இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். எங்கிட்ட விசா ஒண்ணுதான் இருக்கு."

அசன் மைதீன் அடக்கித்தான் பார்த்தான். முடியவில்லை. பல நாள் அடக்கி வைத்த சிரிப்பு, முகம் முழுக்கச் சுருங்கச் சிரித்தான். வலது கண்ணுக்குக் கீழே இருந்த வேலை கமர் நிஷா சொன்னபடியே கோடு கோடாக வெடித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பூசினவரிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சீரக டப்பா ஜன்னலில் நின்றது. அஸருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. பாத்து வந்து முக்காலியில் உட்கார்ந்து வலது கண்ணுக்குப் பஞ்சை வைத்தாள். நானும் நஃபீஸத்தும் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

"போடல" என்றான் அசன் மைதீன்.

"எத?"

"பவுடர. ரெண்டாவது தடவ. டப்பாகிட்ட கொண்டு போன. கமர் நிஷா சொன்னத அன்னிக்கே லாத்தா என்கிட்ட சொல்லிட்டா."

நான் அவன் அக்கா நஃபீஸத்தைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாத்து பஞ்சை எடுக்கவில்லை. "தெரிஞ்சும் எதுக்கு என்கிட்ட மூஞ்சியக் கொடுத்தீய?"

"நீ போடுவேன்னு நெனச்சேன். ஒவ்வொரு நாளும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"போட்டிருந்தா?"

"போட்டிருந்தா நீ என்னைய இருன்னு சொல்லுதேன்னு அர்த்தம்லா."

அவள் பஞ்சைத் திருப்பி மறுபக்கம் வைத்தாள். "அதப் பவுடர்ல சொல்லணுமாக்கும்" என்றாள். "போட்டுக் கெடுத்திருந்தா காலம் பூரா நீ கெடுத்தேன்னு சொல்லிக்கிட்டு வீட்ல கெடப்பீய. நான் ஒழுங்காச் செஞ்சேன். வேண்டாம்னது அந்த மேனேஜரு. இனி என்னச் சொல்ல முடியாதுலா." பஞ்சை இன்னொரு தடவை எண்ணெயில் நனைத்து, "கேட்டிருந்தா வாயாலயே சொல்லியிருப்பேன்" என்றாள்.

"சரி, இப்பக் கேக்கேன். போகட்டா, இருக்கட்டா?"

"கண்ண மூடுங்க. எண்ணெ எறங்கும்."

பாங்கு சொன்னார்கள். அவன் எழுந்து ஒளு செய்யப் போனான். போகிற வழியில் சீரக டப்பாவை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தான். "அங்கன இல்ல, அடுப்புக்குப் பக்கத்துல" என்று பாத்து உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். அவன் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தான். அதுதான் அவளுடைய பதில் என்று நஃபீஸத் சொல்கிறாள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அனஸ் அதற்குப் பிறகும் இரண்டு இடம் சொன்னான். அசன் மைதீன் போகவில்லை. கல்யாண மாதங்களில் கமர் நிஷா பாத்துவைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினாள். மணப்பெண்ணைக் கமர் நிஷா பார்த்துக்கொள்வாள். உம்மாமார், மாமியார்மாரின் கண்ணுக்குக் கீழே உள்ளது பாத்துவின் விரலுக்கு. பீடி இன்னும் சுற்றுகிறாள், முன்பைப் போல அவ்வளவு இல்லை. அசன் மைதீன் அந்த மாடிப்படியில் இன்றுவரை ஏறியதில்லை. ஆனால் கடையின் பெட்டிகள் மாதம் ஒரு முறை இறங்கி எதிர்வீட்டுக்கு வருகின்றன. அவன் ஒவ்வொரு கிரீமின் காலாவதித் தேதியையும் பார்த்து, பழையதை ஒதுக்கி, நிற வரிசையில் அடுக்கிச் சீட்டு ஒட்டி அனுப்புகிறான். ஒரு தடவை நல்ல நிறம் ஒன்றைத் தேதி முடிந்ததென்று ஒதுக்கிவிட்டதில் கமர் நிஷாவுக்கும் அவனுக்கும் திரைக்கு இரு பக்கமும் நின்று சண்டை நடந்தது. தேதியைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரி.

போன வருடம் இருவரும் மக்காவுக்கு உம்ரா போக முடிவு செய்தார்கள். அவனுடைய பாஸ்போர்ட் முடிந்திருந்தது. அவளுக்கு முதன்முதலாக எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் அலுவலகத்தில் படம் எடுக்கப் போகிற காலையில், பெட்டியைத் திறக்கட்டுமா என்று பாத்து கேட்டாள்.

"வேண்டாம்" என்றான். "பெறவு அங்கன யாராவது ஆள எண்ணிக்கிட்டு நிப்பான்."

தபாலில் வந்ததும் புதுப் பாஸ்போர்ட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். கண்ணாடி போட்டுக்கொண்டு, இந்த முறை படத்தை முதலில் பார்த்தேன். இரண்டு பையும் எல்லாக் கோடுகளும் இருந்தன. ஆள் அவனேதான். பிறகு பக்கத்தில் இருந்த பிறந்த தேதியைப் பார்த்தேன்.

படம் சரி. தேதி இன்னும் தப்புதான்.